சூலையும் வீடுபேறும்: திருமுறை ஓதப் புதிதாக வருபவர்களுக்கு

திருமுறை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் பாட்டுக்காக வருவதில்லை. வீட்டில் ஒரு சாவு, அடைக்க முடியாத ஒரு கடன், ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி என்று ஏதோ ஒன்று அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார வைத்திருக்கும். கொஞ்ச நாள் போனதும், மற்றவர்கள் எழுந்து போன பிறகு, தயங்கியபடி கேட்பார்கள்: "ஐயா, இந்த நிலைமையில் நான் முத்தி கேட்கலாமா? கஷ்டம் தாங்காமல் கேட்டால் அது நிஜமான வேண்டுதல்தானா? முத்தியை விட்டுவிட்டு என் கஷ்டத்தை மட்டும் சொல்லி அழுதால் அது சின்னத்தனம் இல்லையா?" அவ்வப்போது வாயால் சொன்ன பதில்களை இங்கே எண் போட்டு எழுதியிருக்கிறேன். எண் போட்டது நினைவில் வைத்துக்கொள்ளத்தான். ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டிய படிகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்தது தேவாரமும் திருவாசகமும் சேக்கிழாரும். ஆகவே அங்கே நின்றுகொண்டுதான் பேசுகிறேன்.

1. வலியை வலி என்றே சொல்லுங்கள்.

நான்காம் திருமுறையின் முதல் பதிகம் திருவதிகை வீரட்டானத்தில் பாடியது. பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடிலக்கரை ஊர். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர், அதாவது அப்பர், முதன்முதலாகப் பாடியது இதுதான் என்பது மரபு. புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, இவர் என்னதான் கேட்கிறார் என்று மட்டும் பாருங்கள். பத்துப் பாட்டிலும் சூலை என்கிற வயிற்று நோய்தான் முன்னால் நிற்கிறது. குடலை முறுக்குகிறது, வயிற்றுக்குள் புகுந்து புரட்டி அறுக்கிறது, சுடுகிறது, அலுத்துப்போனேன், தவிர்த்துவிடு. பிறவியை அறுத்துக் கொடு என்று அதில் ஒரு விண்ணப்பமும் இல்லை. ஒரு பாட்டில், கரையில் நின்றவர்கள் ஆழத்துக்குள் பிடித்துத் தள்ளிவிட, கால் ஊன்ற ஒரு துறை தெரியாமல் தவிப்பவனாகத் தன்னைக் காட்டுகிறார். இன்னொன்றில் சற்று அதட்டலாகவே, வந்து அடைந்தவர்களின் துன்பத்தைத் தீர்ப்பது பெரியவர்களின் கடமை அல்லவா என்று சிவபெருமானுக்கே கடமையை நினைவுபடுத்துகிறார்.

பின்னாளில் நீற்றறையில் கிடந்தும் கலங்காத அப்பர் சுவாமிகள் தொடங்கிய இடம் இது. நீங்கள் அவரை முந்திக்கொண்டு, முதல் நாளே "எனக்கு உடம்பும் வேண்டாம், உலகமும் வேண்டாம், உன் திருவடி போதும்" என்று பாட வேண்டிய அவசியம் இல்லை. அப்படிப் பாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாய் அதைச் சொல்லும், கை மடியில் இருக்கிற செல்போனை அழுத்திக்கொண்டிருக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்துவிடுமோ என்று. அந்தக் கைதான் அந்த நேரத்து உண்மையான வேண்டுதல். அதையே வார்த்தையாக்கிச் சந்நிதியில் வையுங்கள்.

2. வீடுபேறு கேட்பது வேறு, செத்தால் தேவலை என்பது வேறு.

"போதும்ப்பா, என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு." இந்த வேண்டுதலை அடிக்கடி கேட்கிறேன். சொல்கிறவர்கள் முத்தி கேட்பதாகவே நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். கேட்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. முத்தி கேட்கிறவருக்கு நாளைக் காலையில் எழுந்திருப்பதில் ஆட்சேபம் ஒன்றும் இருக்காது. எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்றால், அது களைப்பு; அல்லது நோய்.

இதில் நமக்கு வழிகாட்ட அப்பருடைய அக்கா இருக்கிறார். திலகவதியார். பெரியபுராணம் சொல்கிறபடி, தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியார் அவரோடு போனார். திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போருக்குப் போய் அங்கேயே மாண்டார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சாவு. அந்தப் பெண் தானும் உயிரை விட்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். தம்பி மருணீக்கியார், அப்போது சிறுபிள்ளை, அக்காவின் காலில் விழுந்து அழுகிறான்: நீயும் போனால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்கிறான். திலகவதியார் நின்றுவிட்டார். தத்துவ விளக்கம் கேட்டு மனம் மாறவில்லை, கனவில் சுவாமி வந்து தடுக்கவும் இல்லை. தம்பி இருக்க வேண்டும் என்கிற இரக்கம் ஒன்றுதான் தடுத்தது. அதன்பிறகுதான் அவருடைய தவமே தொடங்குகிறது. சேக்கிழார் இந்த வரிசையை மாற்றாமல் வைத்திருப்பதைக் கவனியுங்கள். சாகும் எண்ணத்தை அவர் ஞானம் என்று எங்கேயும் மெச்சவில்லை. பெருமை முழுவதும் அந்த எண்ணத்தை விட்டு வீட்டில் தங்கியதற்குத்தான்.

ஆகவே சாவு எண்ணம் வருகிறவர்களுக்கு நேராகச் சொல்கிறேன்: அதைச் சந்நிதியில் மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், என்னிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416; எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணை அழைப்பது பக்திக் குறைவு ஆகாது. திலகவதியாருக்கு ஒரு தம்பி அழுதான். எல்லோருக்கும் அந்த நேரத்தில் ஒரு தம்பி பக்கத்தில் இருந்துவிடுவதில்லை.

3. மருந்தை நிறுத்தாதீர்கள்.

சமணத்தில் சேர்ந்திருந்த அப்பருக்குச் சூலை வந்தபோது, பாடலிபுத்திரத்துப் பள்ளியில் இருந்த சமண முனிவர்கள் மந்திரித்த நீரும் மயிற்பீலியும் கொண்டு செய்த வைத்தியம் தோற்றது, அதிகையில் பாட்டு ஜெயித்தது. அதனால் மாத்திரை எதற்கு என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கதையிலிருந்து எடுக்கக்கூடாத பாடம் அது. சூலைக்கு இன்றைய மருத்துவப் பெயர் என்ன என்று ஆராயவும் எனக்கு ஆசை இல்லை. நீங்கள் காலையில் போட வேண்டிய மாத்திரையைப் போட்டுவிட்டு வகுப்புக்கு வாருங்கள். சமணரை ஏசுவதற்காக இந்தக் கதையை எடுத்துக்கொள்பவர்கள் வராமல் இருப்பதே நல்லது.

4. வினைக்கணக்கு எழுத உட்காராதீர்கள்.

துன்பம் வந்ததும் முதலில் வருகிற ஆள் கணக்குப்பிள்ளை. "போன பிறவியில் என்ன பாவம் செய்தேனோ." அதற்கு அடுத்தபடி, பார்க்க வருகிற உறவுக்காரர்கள் நமக்காக அந்தக் கணக்கை எழுதித் தருவார்கள். சைவ சித்தாந்தம் கன்மத்தை ஒப்புக்கொள்கிறது. எடுத்த உடம்பில் அனுபவித்தே கழிக்க வேண்டிய வினை உண்டு என்கிறது. ஆனால் அது சாத்திரம் படிக்கிறபோது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் எடுத்துப் பேசுகிற விஷயம் ஆகாது. திருவதிகைப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே அப்பர், தான் செய்த கொடுமைகள் என்னவென்று தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு கடந்துபோகிறார். தெரியாது என்பதே அவர் பதில். தெரியாததைத் தோண்டிக்கொண்டு உட்காராமல், அடுத்த அடியில் நேரே அம்மானைக் கூப்பிடுகிறார்.

சாத்திரத்தை உங்கள்மேல் வைத்துப் பார்ப்பதற்கும் ஒரு காலம் வரும். வலி அடங்கிய பிறகு, நாலைந்து வருடம் கழித்துக்கூட இருக்கலாம், இந்தத் துன்பம் என்னை எங்கே கொண்டுவந்து சேர்த்தது என்று திரும்பிப் பார்ப்பீர்கள். அப்போது மலபரிபாகம் என்றால் என்ன என்று கேளுங்கள், சொல்கிறேன். அடுத்தவர்மேல் வைத்துப் பார்க்க மட்டும் எந்தக் காலமும் இல்லை.

5. எதிலிருந்து விடுதலை என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

இதுதான் இந்த அறிவுரைகளிலேயே முக்கியமானது, சற்று நிதானமாகப் படியுங்கள்.

ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலம் சொல்கிறோம். புதிதாக வருகிறவருக்கு இது பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பட்டியலாகத் தெரியும். துன்பத்தில் இருக்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர் ஆணவத்துக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார். ஆணவம் என்றால் தலைக்கனம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உயிரைச் சுருக்கி, இருட்டில் வைத்து, "நான், என் கஷ்டம், எனக்கு ஏன்" என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாமல் செய்கிறதே, அதுவும் ஆணவத்தின் வேலைதான். பெரிய துக்கம் வந்த வீட்டில், பக்கத்து அறையில் குழந்தை பசித்து அழுவது காதில் விழாமல் போகிறது பாருங்கள். அந்தச் செவிட்டுத்தனத்திலிருந்து விடுவி என்று கேட்பது வீடுபேறு கேட்பதன் ஆரம்பம்.

பங்காளி ஒருவன் ஏமாற்றிச் சொத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். சொத்து திரும்பி வர வேண்டும் என்று கேளுங்கள், வக்கீலையும் பாருங்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: வழக்கு ஜெயித்தாலும் தோற்றாலும், மிச்சமிருக்கிற நாளெல்லாம் அவன் முகத்தையே நினைத்துக்கொண்டு நான் சோறு தின்னக் கூடாது. முதல் வேண்டுதல் பலிப்பது கோர்ட்டின் கையிலும் இருக்கிறது. இரண்டாவது பலிக்கக் கோர்ட் தேவையில்லை. நோயாளியானால், நோய் தீர வேண்டும் என்பதோடு, நோயே நான் என்று ஆகிவிடாமல் காப்பாற்று. துக்கத்தில் இருப்பவரானால், போனவரை மறக்கச் செய் என்று கேட்க வேண்டாம். அவரை நினைக்கும்போதெல்லாம் இருப்பவர்கள்மேல் எரிந்து விழாமல் இருக்கச் செய் என்று கேளுங்கள். வீடுபேறு என்கிற பெரிய சொல்லை இப்படிச் சில்லறையாக மாற்றிக்கொண்டால்தான் புதியவர்களுக்குக் கையில் எடுத்துச் செலவழிக்க முடியும்.

ஐந்தெழுத்தை உண்மை விளக்கம் என்கிற சாத்திர நூல் விளக்கும் முறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சி சிவம், வ திருவருள், ய உயிர், ந மறைப்பாற்றல், ம மலம். சிவாயநம என்று ஓதும்போது உயிர் நடுவில் நிற்கிறது: ஒரு பக்கம் சிவமும் அருளும், மறுபக்கம் மறைப்பும் மலமும். இடம் மாறவில்லை, துன்பம் போகவில்லை, அதே நடுவில் நின்றபடியே முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்கிறோம். தீட்சை பெற்றவர்கள் எந்த முறையில் ஓதுவது என்பதைக் குருவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் நமசிவாய என்றே சொல்லுங்கள்.

6. சண்டை போடலாம்.

கோபத்தோடு கோயிலுக்கு வரக்கூடாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். சுந்தரர் அந்த விதியை அறியாதவர். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினார், பார்வை போயிற்று. வழியில் திருவெண்பாக்கத்தில் கேட்டால் கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல் கிடைத்தது. (அந்தப் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்தில் முழுகிவிட்டது, இப்போதிருப்பது இடம் மாற்றிக் கட்டியது.) காஞ்சியில் இடக்கண் வந்தது. ஒற்றைக் கண்ணோடு திருவாரூர் போய் நின்றுகொண்டு, அடியவர்கள் இப்படித் தவிக்கும்போது நீர் மட்டும் நன்றாக இரும் என்கிற தோரணையில் தியாகேசரைப் பார்த்துப் பாடுகிறார். அங்கேதான் வலக்கண் வந்தது. தவறு தன்னுடையது என்று தெரிந்தும் போட்ட சண்டை அது.

மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்தில் ஐம்பது பாட்டு பாடுகிறார், அத்தனையிலும் என்னை விட்டுவிடாதே என்பதுதான். கடைசிக்கு வரவர, விட்டுவிட்டாயானால் உன்னை ஊரறியப் பழிப்பேன் என்று மிரட்டவும் செய்கிறார். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவதைவிட, கோபத்தைப் பேசிவிடுவது மேல். பேசுகிறவரை உறவு அறுந்துபோவதில்லை. நீத்தல் விண்ணப்பம் அந்தாதியாக அமைந்தது என்பதால் ஓதத் தொடங்கினால் நிறுத்த மனம் வராது. தூக்கம் வராத இரவுகளுக்கு நான் அதைத்தான் கொடுப்பது வழக்கம்.

7. ஓத முடியாத நாளில் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் போதும்.

நேரமில்லாதபோது பதிகத்தின் முதல் பாட்டையும் நிறைவுப் பாட்டையும் ஓதி முடிப்பது ஓதுவார்களிடையே உள்ள வழக்கம்தான். துன்ப காலத்தில் இந்தச் சலுகையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்பர் பதிகங்களில் இதற்கு ஒரு கூடுதல் லாபமும் உண்டு. அவர் பெரும்பாலும் கடைசிப் பாட்டில் இராவணனைக் கொண்டுவந்துவிடுவார். கயிலையைத் தூக்கப் போய், சிவபெருமான் விரலை ஊன்ற, மலைக்கடியில் நசுங்கியவன். நசுங்கியபடியே பாடினான், அருளும் பெற்றான். திருவதிகைப் பதிகத்தின் முடிவில் அப்பர் அந்த அரக்கனுக்கு இரங்கியதை நினைத்துப்பார் என்று சொல்லி, வியர்த்துப் புரண்டு விழுந்து எழுகிற தன்னுடைய வேதனையையும் விலக்கச் சொல்கிறார். குற்றம் செய்து மாட்டிக்கொண்டவனுக்கே இரங்கினாயே என்பது வழக்காடும் முறை. தங்கள் துன்பத்துக்குத் தாங்களே காரணம் என்று தலைகுனிந்து வருகிறவர்களுக்கு, குடித்துக் கெட்டவர்களுக்கு, சூதாடிக் கெட்டவர்களுக்கு, இந்த முடிவுப் பாட்டைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

குரல் எழவே இல்லையென்றால் கேளுங்கள். தருமபுரம் ப. சுவாமிநாதன் ஓதுவார் பாடிய பதிவுகள் எளிதில் கிடைக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் காதில் மாட்டிக்கொண்டு உட்காரலாம். வீட்டில் தீட்டு என்பதால் கோயிலுக்குப் போகக் கூடாத நாட்களில், ஐந்தெழுத்தையும் நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். சவத்தைக் கிடத்தியிருக்கும் வீட்டிலேயே திருவாசகம் ஓதுகிற மரபு நம்முடையது. யாழ்ப்பாணத்தில் சுண்ணம் இடித்துக்கொண்டு திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். பிறகு என்ன தடை?

8. விலைப்பட்டியல் நீட்டுகிறவரிடம் போகாதீர்கள்.

கிரகம், தோஷம், சாபம் என்று மூன்று பக்கத்துக்கு எழுதிக் கீழே தொகை போட்டுத் தருவார்கள். துன்பத்தில் இருப்பவன் கையெழுத்துப் போட்டுவிடுவான். கோளறு பதிகம் பாடக் கட்டணம் கிடையாது. மொட்டை போடுவதாகவோ, கோயிலுக்கு விளக்கெண்ணெய் வாங்கித் தருவதாகவோ வேண்டிக்கொள்வதில் தவறில்லை; கடன் வாங்கிச் செய்ய வேண்டிய நேர்த்திக்கடனை மட்டும் நேர்ந்துகொள்ளாதீர்கள்.

9. பிறருக்காகக் கேட்பது.

மகன் குடிக்கிறான், கணவர் யாரோடும் பேசாமல் இருண்டுபோய் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் விடுதலைக்காக நான் கேட்கலாமா என்பது பெண்கள் கேட்கும் கேள்வி. மறுபடியும் திலகவதியாரிடம்தான் போக வேண்டும். தம்பி வேறு வழியில் போய்விட்டான். அவர் பின்னால் போய் இழுக்கவில்லை. திருவதிகைக்கு வந்து, விடியுமுன் கோயிலைக் கூட்டி, சாணமிட்டு மெழுகி, பூத்தொடுத்து, தம்பியை மீட்டுக்கொடு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கனவில் விடை வந்தது: அவனைச் சூலை தந்து ஆட்கொள்வோம்.

கவனியுங்கள், சூலையைக் கேட்டது அக்கா இல்லை. "அவனுக்கு ஒரு அடி விழுந்தால்தான் புத்தி வரும்" என்று அடியையும் நாமே எழுதிக்கொடுப்பது வேண்டுதல் ஆகாது. எப்படி என்பதை விட்டுவிடுங்கள்.

அதோடு இன்னொன்று. நோய் தாங்காமல் தம்பி சமையற்காரனை அனுப்பியபோது, நான் அங்கே வர மாட்டேன் என்று அக்கா உறுதியாகச் சொல்லிவிட்டார். தம்பி இரவோடிரவாக வந்து வாசலில் விழுந்தபோது, ஏன் போனாய், இப்போதாவது தெரிந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை. திருநீறு கொடுத்தார், திருப்பள்ளியெழுச்சி நேரத்தில் அலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு அன்றாட வேலைக்குக் கிளம்பும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு போனார். பிறருக்காக வேண்டுகிறவர்கள் இந்த இரண்டையும் பழக வேண்டும்: போகக்கூடாத இடத்துக்குப் போகாமல் இருப்பது, வந்து விழுந்தவரிடம் கணக்குக் கேட்காமல் இருப்பது. இரண்டாவதுதான் கடினம் என்று தாய்மார்கள் சொல்கிறார்கள்.

10. கடலில் பாடியதை அதிகையில் பாட முயல வேண்டாம்.

அதே நாவுக்கரசரைப் பின்னால் கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள். அங்கே பாடியது நமச்சிவாயப் பதிகம். அதில் என்னைக் காப்பாற்று என்கிற குரலே இல்லை. ஐந்தெழுத்து துணை என்று சொல்கிறார், அவ்வளவுதான். இடுக்கண் வந்தாலும் விடுவிக்கச் சொல்லி யாரிடமும் கெஞ்சமாட்டோம் என்று கூடச் சொல்கிறார். வயிற்றுவலிக்குத் துடித்துப் பத்துப் பாட்டில் கெஞ்சியவரும் இவர்தான்! கல் மிதந்து கரையேறிய இடம் என்று திருப்பாதிரிப்புலியூருக்குப் பக்கத்தில் கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டுகிறார்கள். என் கண்ணுக்கு, கல் மிதந்ததைவிடப் பெரிய அற்புதம் அந்தப் பதிகத்தின் குரல். கரை சேருவதற்கு முன்பே, நீருக்குள்ளேயே அவர் விடுதலையாகி இருந்தார்.

ஆனால் அந்தக் குரல் அவருக்கு வரவேண்டிய நேரத்தில் வந்தது. நீங்கள் அதைப் பாடலாம், பாட வேண்டும். பாடும்போது பயம் போகவில்லையே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளக் கூடாது. அதிகைப் பதிகத்தையும் கடற்பதிகத்தையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பாடுவதில் தவறே இல்லை. பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரண்டு இடத்துக்கும் போய் வருகிறோம்.

11. பிறவாமையை முதலில் வைக்காதீர்கள்.

காரைக்காலம்மையார் கயிலையில் என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது வேண்டியதைச் சேக்கிழார் வரிசையாகச் சொல்கிறார். முதலில் மாறாத இன்ப அன்பு. அதற்குப் பிறகுதான் பிறவாமை. ஒருவேளை பிறக்கத்தான் வேண்டும் என்றால் உன்னை மறவாமை. அப்புறம், நீ ஆடும்போது அடியின்கீழ் இருந்து பாட வேண்டும். கணவன் விட்டுப்போன துயரத்தைக் கண்டவர், உடம்பையே உதறிப் பேய்வடிவு கேட்டு வாங்கியவர். அவருக்கே பிறவாமை இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது. அதையும் கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்கிற ஏற்பாட்டோடு கேட்கிறார்.

அப்பரோ தில்லையில் தூக்கிய திருவடியைக் கண்டபோது, இதைக் காணக் கிடைக்குமென்றால் மனிதப் பிறவியும் வேண்டத்தக்கதுதான் என்று பாடிவிட்டார். வாழ்க்கையை வெறுத்துத்தான் வீடுபேறு கேட்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். துன்பத்தில் கேட்கும்போது பிறவாமை என்கிற சொல்லுக்குள் வெறுப்பு சுலபமாக நுழைந்துகொள்கிறது. அன்பை முன்னால் கேட்டுவிட்டால் அது நுழைய இடம் குறையும்.

12. துன்பம் தீர்ந்தவர்களுக்கு.

கடன் அடைந்ததும், ரிப்போர்ட் நன்றாக வந்ததும் பலர் வகுப்புக்கு வருவது நின்றுபோகும். எனக்கு அதில் மனக்குறை இல்லை. வலிக்கும்போது வந்தவர் வலி தீர்ந்ததும் போவது இயற்கை. வர முடிகிறவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அப்பருக்குச் சூலை தீர்ந்தபின் கையில் வந்தது உழவாரம். திருப்புகலூரில் கடைசிவரை புல் செதுக்கிக்கொண்டிருந்தார். செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தபோது கல்லோடு கல்லாக அள்ளிக் குளத்தில் எறிந்தார் என்கிறது புராணம். நம்முடைய பிராகாரத்தில் பொன் கிடைக்க வாய்ப்பில்லை, நெருஞ்சி நிறைய இருக்கிறது. ஞாயிறு காலையில் வந்தால் போதும்.

துன்பம் தீராதவர்களும் இருக்கிறார்கள். தீராத நோய், திரும்பி வராத பிள்ளை. அவர்களை ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிடத் தயங்கியிருந்தேன்; அவர்களாகவே வருகிறார்கள், மற்றவர்களைவிட முன்னதாகவே. வேலை முடிந்ததும் மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு பதிகம் பாடிவிட்டுக் கலைவோம். புதியவர்கள் தொடங்குவது நான்காம் திருமுறை முதல் பதிகம், பண் கொல்லி. நவரோசு ராகம் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். தெரியாதவர்கள் பின்பாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தால் போதும். அடங்கன்முறை விலைக்கு வாங்க வேண்டாம், மண்டபத்து அலமாரியில் இருக்கிறது. கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள், எழுத்து பொடி.